எச்-குறியீடு 40 என்றால் அவர் சிறந்த ஆய்வாளரா?

மூலக்கூறு உயிரியல் ஆய்வாளர் ஒருவரின் எச்-குறியீடு 40 என்பதை வைத்து அவருடைய ஆய்வின் தரத்தை முடிவுசெய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எண் மட்டும் போதாது.

இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் முன்மொழிந்த இந்தக் குறியீட்டின்படி, அந்த ஆய்வாளருடைய கட்டுரைகளில் 40 கட்டுரைகளாவது பிற கட்டுரைகளில் தலா 40 முறையோ அதற்கு மேலோ மேற்கோள் காட்டப்பட்டுள்ளன என்பதே இதன் பொருள். காலப்போக்கில் இது ஏறுமே தவிர இறங்காது என்பதால், இளம் ஆய்வாளரை மூத்தவருடன் இதைக்கொண்டு ஒப்பிடுவது நியாயமன்று.

மேற்கோள் எண்ணிக்கை பெரும்பாலும் பயன்பாட்டைக் காட்டுகிறது. கண்டுபிடிப்பின் ஆழத்தை அன்று. புரத அளவைக் கணக்கிடும் முறையை விவரித்து லௌரியும் உடன் ஆய்வாளர்களும் 1951இல் வெளியிட்ட கட்டுரை மூன்று லட்சம் முறைக்கு மேல் மேற்கோள் காட்டப்பட்டிருக்க, டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பை அறிவித்த வாட்சன், கிரிக் இருவரின் 1953ஆம் ஆண்டுக் கட்டுரை அதன் அருகில்கூட வரவில்லை. ஆய்வகந்தோறும் கையாளப்படும் செய்முறையைக் கட்டுரைதோறும் சுட்டியாக வேண்டியிருக்கிறது. பாடநூலில் இடம்பெற்றுவிட்ட உண்மைக்கோ, மூலக் கட்டுரையைத் தேடிச் சுட்டுவோர் குறைவு. ஏற்கெனவே வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் திறனாய்வுக் கட்டுரைகளும் இப்படியே எண்ணிக்கையை உயர்த்திவிடும்.

கட்டுரையில் ஆசிரியர்களின் பெயர்கள் இடம்பெறும் வரிசையையும் அவசியம் பாருங்கள். இத்துறையில் பொதுவாக முதல் பெயர் சோதனைகளைப் பெரும்பாலும் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து எழுதிய மரபணுத்தொகுதிக் கட்டுரையில் இடையில் வரும் பெயருக்கும் அதே மேற்கோள்கள் முழுமையாகச் சேர்கின்றன. குறியீடு இந்த வேறுபாட்டை அறியாது. ஆகவே அவர் முதல் அல்லது கடைசி ஆசிரியராக உள்ள மூன்று கட்டுரைகளைத் தேர்ந்து, அவற்றின் முடிவுகளைப் பிற ஆய்வகங்கள் மீண்டும் செய்து உறுதிப்படுத்தியுள்ளனவா என்று தேடிப் பாருங்கள்.