ஹரோவுக்குக் குடிவந்திருக்கும் தம்பிக்கு: மகளின் வாசிப்பைப் பற்றி

தம்பி, கோயம்புத்தூரிலிருந்து லண்டனின் ஹரோவுக்கு வந்து சில வாரங்களே ஆகின்றன என்றும், ஐந்து வயது மகள் வாசிப்பில் பின்தங்கியிருப்பதாக ஆசிரியை சொன்னார் என்றும் எழுதி, அவளை ரியூஷனில் சேர்ப்பதா, வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்திலேயே பேசுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டு வாடகை, கவுன்சில் வரி, வங்கிக் கணக்கு பற்றிய உங்கள் மற்றக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆட்கள் நிறைய உண்டு. அவற்றை அவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

தமிழை நிறுத்தாதீர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஈஸ்ட்ஹாமில் இன்னொரு குடும்பத்தோடு ஒரே வீட்டைப் பங்கிட்டுக்கொண்டு இருந்தோம். நான் பெற்றோல் நிலையமொன்றில் இரவு வேலை செய்தேன். மூத்தவன் சேர்ந்த பாடசாலையில் ஓர் ஆசிரியை, இனி வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்று என் மனைவியிடம் கண்டிப்பாகச் சொன்னார். அன்று எங்களிடமிருந்த ஆங்கிலம் கடைக்காரரிடம் மிச்சக் காசு கேட்கப் போதுமானது. அதைக்கொண்டு ஒரு பிள்ளைக்குக் கதை சொல்ல முடியுமா? மனைவி தலையாட்டிவிட்டு வந்து, நரியையும் காகத்தையும் வழக்கம்போலத் தமிழிலேயே பேச வைத்தார். இன்றைய ஆசிரியர்கள் பெரும்பாலும் வீட்டு மொழியைப் பேணும்படியே சொல்கிறார்கள். அடுத்து என்ன நடக்கும், நரி ஏன் பொய் சொன்னது என்று தமிழில் யோசித்துப் பழகிய பிள்ளை, ஆங்கில எழுத்துகள் பிடிபட்டதும் அந்த யோசனையோடுதான் ஆங்கில நூலையும் திறக்கும். வா, சாப்பிடு, படு என்ற கட்டளைகளை மட்டும் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டு வளரும் பிள்ளைக்கு அந்தக் கைமுதல் கிடைப்பதில்லை.

அவளுடைய பையில் ஒரு மெல்லிய நூலும், நீங்கள் கையொப்பமிட வேண்டிய வாசிப்புக் குறிப்பேடும் வரும். நூல்கள் இளஞ்சிவப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நிற வரிசைப்படி கடினமாகிக்கொண்டு போகும். எந்தப் பிள்ளைக்கு எந்த நூலைக் கொடுப்பது என்று ஆசிரியர் தெரிந்துகொள்வதற்காக ஏற்பட்ட இந்த வரிசையை நம்மவர்கள் பதவி உயர்வுப் பட்டியலாக்கிவிட்டார்கள். கோயில் அன்னதானத்துக்கு நிற்கும்போது, "உங்கட மகள் இன்னும் மஞ்சளிலா?" என்று கேட்பவர்களை நீங்களும் விரைவில் சந்திப்பீர்கள். பக்கத்தில் நின்று அதைக் கேட்கும் பிள்ளை, வாசிப்பு என்பது பிறரை முந்துவதற்கான வேலை என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு வாரத்துக்குரிய கையொப்பங்களை ஞாயிறு இரவு ஒரே மூச்சில் போட்டுவிடும் தகப்பன்மாரும் இருக்கிறார்கள். வாசிக்காத நூலுக்கு அப்பா கையொப்பமிடுவதைப் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

முதலாம் ஆண்டு வகுப்பில், ஜூன் மாதத்தில் ஃபோனிக்ஸ் சோதனை வரும். இங்கிலாந்தின் அரச பாடசாலைகளில் 2012 முதல் நடைபெறும் இச்சோதனையில் 40 சொற்கள் இருக்கும். அவற்றுள் 20 பொருளே இல்லாத ஒலிக்கோவைகள். எழுத்தைக் கூட்டி ஒலிக்கத் தெரிகிறதா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. அந்தப் பொருளற்ற சொற்களை அட்டைகளில் எழுதி, இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளையை வதைக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். பயிற்சியைப் பாடசாலை பார்த்துக்கொள்ளும். ஐந்து வயதில் ரியூஷனும் வேண்டாம். தேர்வு வைத்துப் பிள்ளைகளைத் தெரிந்தெடுக்கும் கிராமர் பாடசாலைகளின் நுழைவுத் தேர்வுக்காகச் சொற்பட்டியல்களை மனனம் செய்து இடம் பிடித்துவிட்டு, அதன்பின் ஒரு கதைப்புத்தகத்தைக்கூடத் தொடாத பிள்ளைகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

1997இல் இங்கிலாந்தில் தொடங்கி, ஏறத்தாழ 3,000 பிள்ளைகளை மூன்று வயது முதல் தொடர்ந்து கவனித்த ஒரு பெரிய ஆய்வு, பெற்றோரின் தொழிலையும் படிப்பையும் வருமானத்தையும்விட, கதை வாசிப்பது, பாட்டுச் சொல்லிக்கொடுப்பது, நூலகத்துக்கு அழைத்துப்போவது என்று அவர்கள் வீட்டில் பிள்ளையோடு செய்வதே முக்கியமானது என்று கண்டது. எங்களைப் போல் கூலி வேலையில் தொடங்கியவர்களுக்கு அது புதுச் செய்தியல்ல. என் தகப்பனார் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். மாலையில் தோட்டத்திலிருந்து வந்து கைகால் கழுவியதும் ஊர் வாசிகசாலைக்குப் போய்விடுவார். அங்கே ஈழநாடும் வீரகேசரியும் கிடக்கும். கண் மங்கிய முதியவர்களுக்காக அவர் உரத்து வாசிப்பார், நாங்கள் வாசலில் நின்று கேட்போம். எங்களை வாசிக்கும்படி அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சில இடங்களில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதே வரியை மறுபடியும் வாசிப்பார். அதில் அப்படி என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காகவே நான் எழுத்துக்கூட்டினேன்.

அதே மண்ணிலிருந்து வந்த எங்களவர்கள், 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை இங்கே ஆண்டுதோறும் மண்டபம் பிடித்து நினைவுகூர்கிறார்கள். அவர்களில் பலருடைய பிள்ளைகளுக்கு, வீட்டுக்குப் பக்கத்திலுள்ள நூலகத்தின் அட்டை கிடையாது. இதைச் சொல்லிச் சில நட்புகளை இழந்திருக்கிறேன். நீங்கள் இந்தச் சனிக்கிழமையே போய் மகளுக்கும் உங்களுக்கும் அட்டை எடுங்கள். அதற்குப் பணம் வேண்டியதில்லை. 1999 முதல் கோடை விடுமுறைதோறும் நூலகங்களில் நடைபெறும் வாசிப்புச் சவாலிலும் அவளைச் சேர்த்துவிடுங்கள். அவளே எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிய பின்பும் நீங்கள் வாசித்துக்காட்டுவதை நிறுத்த வேண்டாம். உங்களுக்கென்று வாசிப்பதையும் அவள் பார்க்கும்படி காகிதத்தில் வாசியுங்கள். கைபேசியில் நீங்கள் கட்டுரை வாசிக்கிறீர்களா, கிரிக்கெட் பார்க்கிறீர்களா என்று அவளுக்குத் தெரியாது.

இங்குள்ள நூலகங்களின் தமிழ் அலுமாரிகளில் பெரும்பாலும் பெரியவர்களுக்கான பழைய நாவல்களே இருக்கும். சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் பட நூல்களை வெளியிடுகிறது. உங்கள் அம்மா வரும்போது பெட்டியில் அவற்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள்; சாம்பார்ப் பொடி இங்கே எல்லாக் கடைகளிலும் கிடைக்கும்.