வீட்டில் யார், எப்போது உறங்குகிறார்கள் என்று முதலில் பாருங்கள்

கேள்வி இதுதான்: "வயது நாற்பதை நெருங்குகிறது. உறக்கம் சரியில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருகிறது, வீட்டில் சாதாரணப் பேச்சுகூடச் சண்டையில் முடிகிறது. உடற்பயிற்சி, தியானம், உணவுக் கட்டுப்பாடு என்று பலவற்றைப் பற்றியும் படித்துவிட்டேன். உடல்நலம், மனநலம், உறவு மூன்றுக்கும் அடிப்படையாக எதை முதலில் சரிசெய்ய வேண்டும்?"

உங்கள் வீட்டில் யார் எந்த நேரத்தில் உறங்குகிறார்கள், யாருடைய உறக்கம் யாருக்காகக் கலைகிறது என்பதை முதலில் பாருங்கள் என்பதே என் பதில். உறக்கத்தை ஒரு தனிமனிதரின் ஒழுக்கமாகவே பேசி நாம் பழகிவிட்டோம். சீக்கிரம் படுங்கள், கைபேசியைத் தள்ளி வையுங்கள் என்று சொல்பவர்கள், படுக்கப் போகும் நேரம் அந்த மனிதரின் கையில் இருக்கிறதா என்று கேட்பதில்லை. மாமனார், மாமியார், குழந்தைகள், தொழில் எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருக்கும் வீட்டில், ஒருவர் நன்றாக உறங்க வேண்டுமானால் வேறொருவர் எதையாவது ஏற்றுக்கொண்டாக வேண்டும். ஆகவே உடல்நலத்தின் முதல் வேலை, வீட்டாரோடு உட்கார்ந்து பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வருவதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

நான் இப்படிச் சொல்வதற்கு நான் வாழும் வீடு காரணம். சேலத்தில் கொண்டலாம்பட்டிப் பக்கம் எங்களுக்கு வீட்டோடு ஒட்டிய விசைத்தறிக் கூடம் இருக்கிறது. கூலிக்கு நெய்து கொடுக்கிறோம். என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தபோது, மருத்துவமனையிலிருந்து அனுப்பும் நேரத்தில் செவிலியர் ஒரு செய்தியைத் திரும்பத் திரும்பச் சொன்னார். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வந்துவிடும் என்றார். பகலில் இது ஒரு வேலை, அவ்வளவுதான். இரவில், அந்த வேலையைச் செய்பவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்த உறக்கமே கிடையாது என்று பொருள். உறக்கத்தின் ஒரு சுற்று ஏறத்தாழ தொண்ணூறு நிமிடங்கள். ஆழ்ந்த உறக்கம் பெரும்பாலும் இரவின் முற்பகுதியிலும், கனவுகள் நிறைந்த உறக்கம் பிற்பகுதியிலும் அமைகின்றன. இடையிடையே எழுந்துகொண்டே இருப்பவர் எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தாலும் இரண்டையும் முழுமையாகப் பெறுவதில்லை.

அந்த இரவுகள் முழுவதையும் என் மாமியாரே தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். "நானே பாத்துக்கறேன் கண்ணு, நீ போய்ப் படு" என்பார். அதை நாங்கள் எல்லோரும் அன்பு என்று எடுத்துக்கொண்டோம், அன்புதான், ஐயமில்லை. ஆனால் நாளடைவில் அவர் பேச்சில் கடுமை ஏறியது. சோற்றில் உப்பு கூடினால் கோபம், குழந்தை சத்தமிட்டால் கோபம், பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணீர். வீட்டில் இருந்த எல்லோரும் அதை மாமியார் மருமகள் பூசலாகவே பார்த்தார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாமனாருக்கு இரத்த அழுத்தம் பார்க்க வரும் பெண்ணிடம், "எங்க அத்தைக்கும் ஒரு தடவை பாத்துடுங்க" என்று நான் கேட்டேன். கருவியின் பட்டையை அவர் கையில் சுற்றிப் பார்த்தவர் முகம் மாறியது. சிறிது நேரம் உட்கார வைத்து மறுபடியும் பார்த்தார், எண் அப்போதும் இறங்கவில்லை. "அம்மா, ராத்திரி தூங்கறீங்களா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

அந்தக் கேள்வி மிகச் சரியானது. உறங்கும்போது நம் இரத்த அழுத்தம் பகலில் இருப்பதைவிடப் பத்து முதல் இருபது விழுக்காடு வரை இறங்குவது இயல்பு. இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் ஒவ்வொரு நாளும் கிடைக்கும் ஓய்வு அது. உறக்கம் தொடர்ந்து கலைந்தால் அந்த இறக்கம் குறைகிறது. மன அழுத்தம் என்று நாம் சொல்லும் நிலையில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன், இயல்பாக விடியலில் உச்சத்துக்குச் சென்று நள்ளிரவை ஒட்டி மிகக் குறைவாக இருக்க வேண்டிய ஒன்று. நடு இரவில் பதறி எழுந்துகொண்டே இருப்பவரின் உடலில் அந்த ஒழுங்கு குலைகிறது. மூளையில் உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்தும் முன்பகுதி, உறக்கம் குறைந்த மறுநாள் தன் வேலையைச் சரிவரச் செய்வதில்லை. சிறிய சொல்லும் பெரிதாகச் சுடுவது அதனால்தான். உங்கள் கேள்வியில் உறக்கமின்மையையும் எரிச்சலையும் சண்டையையும் மூன்று தனித்தனிக் குறைகளாக எழுதியிருக்கிறீர்கள். அவை ஒரே சங்கிலியாக இருக்க வாய்ப்பு மிகுதி.

பிறரைப் பராமரிப்பவர்களின் உடலில் என்ன நடக்கிறது என்பதைக் காட்டும் ஓர் ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். 1995இல் அமெரிக்காவில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர், மறதிநோய் கண்ட உறவினரைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்களுக்கும், அத்தகைய பொறுப்பு இல்லாத அதே வயதையொத்த 13 பெண்களுக்கும் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரியான சிறு காயம் உண்டாக்கி, அது ஆற எத்தனை நாள் ஆகிறது என்று கணக்கிட்டார்கள். பராமரிப்பவர்களுக்குச் சராசரியாக ஒன்பது நாட்கள் கூடுதலாக ஆயின. 2005இல் அதே குழுவினர் 42 தம்பதிகளை ஆராய்ந்தபோது, ஒருவரையொருவர் கடிந்தும் இழித்தும் பேசிக்கொள்ளும் தம்பதிகளின் காயம், அப்படிப் பேசாதவர்களின் காயம் ஆறும் வேகத்தில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு வேகத்திலேயே ஆறியது. குடும்பப் பேச்சு தோல்வரைக்கும் செல்கிறது என்று இதைப் படித்தபோதுதான் எனக்கு முழுமையாகப் புரிந்தது. மனநலம் என்றால் ஏதோ மனத்துக்குள் மட்டும் நடப்பது என்று ஒதுக்குபவர்களிடம் இந்த இரண்டு ஆய்வுகளையும் நான் எடுத்துச் சொல்வதுண்டு.

எங்கள் வீட்டில் செய்த ஏற்பாடு எளிமையானது. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. இரவை இரண்டாகப் பிரித்தோம். இரண்டு மணி வரை நானும், அதன்பின் என் கணவரும் மாமனாரைத் திருப்பிவிடுவது, வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் கொழுந்தனார் வந்து முழு இரவும் இருப்பது என்று முடிவானது. கணவர் விடியற்காலையில் எழ வேண்டுமானால் தறியை முன்னதாகவே நிறுத்தியாக வேண்டும். நெய்யும் அளவு குறையும், கூலியும் குறையும். அந்தப் பணத்தை இழக்க முடிகிற நிலையில் எல்லா வீடுகளும் இருப்பதில்லை என்பதை நான் அறிவேன். முடிகிற வீடுகள் அதைச் செலவு என்று எண்ணாமல் மருந்துக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும் என்பேன். மாமியார் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. "நீங்க விழுந்துட்டா நாங்க ரெண்டு பேரைப் பாக்கணுங்க அத்தை" என்று சொன்ன பிறகுதான் அடுத்த அறையில் போய்ப் படுத்தார். மாத்திரையும் தொடங்கினார்; உறக்கம் வந்துவிட்டது என்பதற்காக இரத்த அழுத்த மாத்திரையை யாரும் தாமாக நிறுத்தக் கூடாது, அவரும் நிறுத்தவில்லை. முன்பிருந்த கடுமை மெல்லக் குறைந்தது. எங்கள் இருவருக்குள்ளும் ஆழமான பூசல் இருக்கிறது என்று நம்பியவர்கள், அவர் உறங்கத் தொடங்கியதும் அது எங்கே போனது என்று வியந்தார்கள்.

இந்தப் பேச்சை எங்கே, எப்படி நடத்துவது என்பதும் முக்கியம். விசைத்தறி ஓடும் கூடத்தில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். கை நீட்டும் தொலைவில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். அங்கேயே நாளெல்லாம் இருப்பவர்கள் வீட்டுக்குள் வந்தபின்னும் அதே குரலில்தான் பேசுகிறோம். காது மந்தமாவது ஒரு பக்கம் இருக்க, கத்திச் சொல்லும்போது எந்த வேண்டுகோளும் குற்றச்சாட்டாகவே கேட்கிறது. தறி நின்ற பிறகு, வாசல் திண்ணையிலோ மொட்டைமாடியிலோ உட்கார்ந்து பேசுவது என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். உங்கள் வீட்டில் தறி இல்லாவிட்டாலும் தொலைக்காட்சி இருக்கும். இன்னொன்று, "உங்களுக்கு அக்கறையே இல்லை" என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் தம் அக்கறையை நிலைநாட்டுவதிலேயே இறங்கிவிடுவார். இந்தக் கிழமையில், இந்த நேரத்தில் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டால் அவர் சொல்ல வேண்டியது ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றுதான். இல்லை என்றாலும், வேறு எந்த நாள் என்று அடுத்த கேள்விக்குப் போகலாம்.

ஆனால் அடி, உதை, குடித்துவிட்டு மிரட்டல் என்று இருக்கும் வீட்டில் இந்த அறிவுரை பொருந்தாது. அங்கே உட்கார்ந்து பேசி உறக்கத்தைப் பங்கிடுவது பாதிக்கப்பட்டவரின் கடமை அல்ல. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள், அல்லது நம்பிக்கையான ஓர் உறவினர் வீட்டுக்குச் செல்லுங்கள்.

மற்ற அடிப்படைகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் நீங்களே படித்திருக்கிறீர்கள். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாத உறக்கமும், வாரத்துக்கு 150 நிமிடங்களாவது மூச்சு சற்று வாங்கும் அளவுக்கு நடையும், நாளுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பும் போதுமான தொடக்கம். தேநீர், காபியில் இருக்கும் காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். இரவு வேலைக்காகப் பத்து மணிக்குக் குடிக்கும் தேநீர் விடியற்காலை உறக்கத்தையும் சேர்த்தே கெடுக்கிறது. நடையைத் துணையோடு வைத்துக்கொள்வது நல்லது. நானும் என் கணவரும் ஞாயிறுதோறும் கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் நடக்கிறோம். வாரம் முழுவதும் பேச முடியாதவற்றைப் பேசுவதற்கும் அதுவே நேரம்.

பெண்ணாக இருந்தால் ஒரு பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. சோர்வு, படபடப்பு, எரிச்சல் எல்லாம் அதிலும் வரும், தைராய்டு கோளாறிலும் வரும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடிய ஒன்றைக் குணக்கேடு என்று சொல்லி ஒரு பெண்ணைப் பல ஆண்டுகள் வருத்துவது பெருங்கொடுமை; அதை அக்கம்பக்கத்தில் பார்த்திருப்பதால் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

இரண்டு நாள் ஏற்காடு போய் வாருங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று இங்கே பலரும் சொல்வார்கள். மலை ஏறும்போதே வெயில் குறைந்து உடல் இளகுவது உண்மைதான். ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது, சேலத்தைவிட எட்டு டிகிரி வரை குளிர்ந்திருக்கும். போய் வாருங்கள், நானும் போகிறேன். ஆனால் அந்த இரண்டு நாளும் வீட்டில் இருப்பவரை யார் இரவில் பார்த்துக்கொள்வது என்ற ஏற்பாடு முதலில் வேண்டும். அந்த ஏற்பாடு அமைந்துவிட்டால், திரும்பி வந்த பின்னும் அதுதான் உங்களைக் காக்கும்.

நீங்கள் இப்போது செய்யக்கூடியது, வீட்டில் ஒவ்வொருவரும் படுக்கும் நேரம், எழும் நேரம், இடையில் எழுந்த காரணம் ஆகியவற்றை ஒரு வாரத்துக்கு ஒரு தாளில் குறித்து வைப்பது. யார் தலையில் இரவு முழுவதும் விழுந்திருக்கிறது என்பது அதில் தெரியும். பேச்சை அங்கிருந்து தொடங்கலாம். உறங்க வாய்ப்புக் கிடைத்தும் உறக்கம் வராமல், இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் நாட்டமின்றி மனம் சோர்ந்தே இருந்தால் வீட்டுப் பேச்சு மட்டும் போதாது. 14416 என்ற எண்ணில், டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவிச் சேவையில், இலவசமாக, எந்த நேரத்திலும், தமிழிலேயே பேசலாம். வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் வந்தால் அன்றே அழையுங்கள். சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே செல்லும்போது அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள். உறக்கத்தைப் பற்றி மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு நினைவிலிருந்து சொல்வதைவிட அதைக் காட்டுவது பயன்படும்.