இடப்பக்கம் வளையும் 420 யார்டு: டெல்லி கோல்ஃப் கேள்வி பதில்

வந்த கேள்விகள் எல்லாமே ஒரே வகை ஹோலைப் பற்றியவை. அதை முதலில் வரைந்துவிடுகிறேன். வெள்ளை டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடம்) 420 யார்டு, பார் 4 (நான்கு ஸ்ட்ரோக்கில், அதாவது நான்கு அடியில், முடிக்க வேண்டியது), இடப்பக்கம் வளைவு. 210 யார்டு வரை ஃபேர்வே (வெட்டிய நடுப் புல்வெளி) 36 யார்டு அகலம். 220 முதல் 250 வரை 28 யார்டுதான். அதற்கப்பால் மறுபடி விரிகிறது. இரு பக்கமும் கீக்கர் என்ற முள்மரம். கிரீனுக்கு (குழியுள்ள மென்புல் பரப்பு) இடப்பக்கம் சிவப்புக் குச்சி நட்ட குட்டை, முன்னால் வலப்பக்கம் பங்கர் (மணல்குழி). கிரீன் 30 யார்டு ஆழம், பின்னாலிருந்து முன்னுக்குச் சரிவு. வலக்கை ஆட்டக்காரருக்கான பதில்கள் இவை. கிளப் என்று சொல்வது அடிக்கும் மட்டையை: மிகத் தூரம் போவது டிரைவர், பிறகு வுட், ஹைப்ரிட், அயர்ன், வெட்ஜ் என்று தூரம் குறைந்துகொண்டே வரும்.

மயூர் விஹார், ஹேண்டிகேப் 18: டிரைவர் 210, 7 அயர்ன் 140 போகுது. ஆனாலும் இந்த ஹோல்ல எப்பவும் 7, 8 ஸ்ட்ரோக்தான் வருது. என்ன பண்றது சார்?

உங்களுக்கு இந்த ஹோல் பார் 5 என்று வைத்துக்கொண்டு கிரீனிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கையில் நம்பிக்கையான வெட்ஜ் தூரம் 90 யார்டு என்றால், இரண்டாவது பந்து 330இல் நிற்க வேண்டும். 7 அயர்ன் 140. அப்படியானால் டீயிலிருந்து தேவை 190, அதாவது ஹைப்ரிட். மூன்றாவதில் கிரீன், இரண்டு புட் (கிரீனில் உருட்டும் அடி), போகி (பாரைவிட ஒன்று கூடுதல்). ஹேண்டிகேப் 18 என்றால் 18 ஹோலுக்கு 18 ஸ்ட்ரோக் சலுகை; இந்த ஹோலில் கிடைக்கும் அந்த ஒரு ஸ்ட்ரோக்கைக் கழித்தால் நெட் பார்.

190 ஏன் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பந்து 5 டிகிரி விலகிக் கிளம்பினால் 190 யார்டில் 17 யார்டு தள்ளிப் போகும். அங்கே ஃபேர்வேயின் பாதி அகலம் 18, அதனால் தப்பித்துவிடும். அதே தவறு 240 யார்டில் 21 யார்டு ஆகிறது. அங்கே பாதி அகலம் 14தான். ஒரே தவறு, ஒன்று புல்லில், ஒன்று முள்ளில். உங்கள் 7, 8 இரண்டாவது ஷாட்டில் பிறப்பதும் உண்டு: டிரைவர் நன்றாகப் போய் 210 மிச்சம் இருக்கும்போது 3 வுட்டை எடுப்பது, குட்டையில் விடுவது. அந்த இடத்திலும் 7 அயர்ன்தான்.

ஆர்.கே.புரம், ஹேண்டிகேப் 8: என் டிரைவர் 245. நானும் ஹைப்ரிட்தான் எடுக்கணுமா?

கணக்குப் போட்டு முடிவெடுங்கள். டிரைவர் போட்டால் 175 மிச்சம், 205 போகும் ஹைப்ரிட்டுக்கு 215 மிச்சம். இந்த 40 யார்டின் லாபம் சராசரியில் ஏறக்குறைய கால் ஸ்ட்ரோக் என்பது என் கணிப்பு. பந்து தொலைந்தால் நஷ்டம் இரண்டு ஸ்ட்ரோக். ஆகவே ஹைப்ரிட்டைவிட டிரைவரில் எட்டுக்கு ஒரு பந்து கூடுதலாகத் தொலைந்தாலே லாபம் முழுதும் போய்விடும். ரேஞ்சில் (பயிற்சி மைதானத்தில்) 20 டிரைவர் அடித்து, 28 யார்டு இடைவெளியில் இரண்டு அடையாளம் வைத்து எத்தனை உள்ளே விழுகிறது என்று எண்ணுங்கள். நன்றாகப் பட்ட பந்தை மட்டும் எண்ணாதீர்கள்.

டெல்லி கோல்ஃப் கிளப்பின் லோதி கோர்ஸில் 2025 அக்டோபரில் நடந்த போட்டியில், உலகின் முன்னணி ஆட்டக்காரர் ரோரி மெக்கில்ராய் டிரைவர் வேண்டாம் என்று தீர்மானித்தார். அங்கே ஓரத்துப் புதர் அவருக்கே அப்படி.

கரோல் பாக்: எனக்கு எப்பவும் ஸ்லைஸ். வளைவு இடப்பக்கம்.

ஸ்லைஸ் என்றால் பந்து வலப்பக்கம் வளைகிறது. அதனால் டீ பாக்ஸின் வலது ஓரத்தில் டீ குத்தி, ஃபேர்வேயின் இடது விளிம்பைப் பாருங்கள். பந்து நடுவுக்கு வந்துவிடும். முகம் 10 டிகிரி சாய்ந்த டிரைவரைவிட 22 டிகிரி சாய்ந்த ஹைப்ரிட்டில் பக்கவாட்டு வளைவு குறைவு, பின்சுழல் அதிகம் என்பதால். ஹோல் வளைகிறதே என்று அன்றைக்குப் பார்த்து டிரா (இடப்பக்கம் வளையும் பந்து) அடிக்க முயல வேண்டாம்.

நொய்டா: பந்து கீக்கருக்குள்ள போயிடுச்சு. என்னென்ன வழி இருக்கு?

தொலைந்திருக்கலாம் என்று தோன்றினால் தேடப் போகும் முன்பே "புரொவிஷனல்" (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொரு பந்தை அடியுங்கள். சொல்லாமல் அடித்தால் அதுவே ஆட்டப் பந்து. முதல் பந்து கிடைத்தாலும் பயனில்லை. தேட 3 நிமிடம்தான்.

கிடைத்துவிட்டால் குனிந்து நிதானமாகப் பாருங்கள். கீக்கரடியில் பந்து பெரும்பாலும் மண்ணில் இருக்காது. காய்ந்த இலை, சுள்ளி, முள் எல்லாம் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும், அதன்மேல் உட்கார்ந்திருக்கும். ஒரு சுள்ளியை உருவும்போது பந்து நகர்ந்தால் 1 பெனால்டி, பந்தைப் பழைய இடத்தில் வைக்கவும் வேண்டும். பந்தைத் தொடாத சுள்ளியை மட்டும் எடுங்கள். கிளப்பைப் பந்துக்குப் பின்னால் தரையில் ஊன்றாமல் அந்தரத்தில் பிடியுங்கள்.

பின்னால் கிளப்பைத் தூக்க இடமிருந்தால் 7 அயர்னை இரண்டு அங்குலம் இறக்கிப் பிடித்து, பந்தைச் சற்றே வலது காலுக்கு நேராக வைத்து, அரை ஸ்விங்கில் பக்கவாட்டாக ஃபேர்வேக்குத் தட்டுங்கள். இடமில்லை என்றால் "அன்பிளேயபிள்" (ஆட முடியாத பந்து): 1 பெனால்டியோடு இரண்டு கிளப் நீளத்துக்குள் டிராப் (பந்தைக் கையிலிருந்து விடுவது), அல்லது குழியில் நிற்கும் கொடியையும் பந்தையும் சேர்க்கும் கோட்டில் பின்னால், அல்லது முன்பு அடித்த இடத்துக்கே. இரண்டு கிளப் நீளமும் முள்ளுக்குள்ளேயே முடிந்துவிடுமா என்று டிராப் செய்யும் முன் அளந்து பாருங்கள்.

துவாரகா: பெங்களூர்ல இருந்து மாறி வந்தேன். இங்க ஒரு கிளப் குறையுதே, உயரம் காரணமா?

கொஞ்சம்தான். பெங்களூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர், டெல்லி 200 மீட்டரைச் சற்றுத் தாண்டும். அந்த வித்தியாசத்தில் 150 யார்டு ஷாட் 4 யார்டு போலக் குறையும். மீதி ஜனவரி காலையின் வேலை: குளிர்ந்த காற்று அடர்த்தி, பந்து விறைப்பு, ஸ்வெட்டரில் தோள் திரும்பாது, பனி ஈரத்தில் உருட்டலும் இல்லை. ஒரு கிளப் கூட்டி எடுங்கள், 7 அயர்னுக்குப் பதில் 6 அயர்ன் என்பதுபோல. மே மாதம் நேரெதிர். காய்ந்த தரையில் ஹைப்ரிட்டும் உருண்டு குறுகலான பகுதிக்குள் போய்விடும், அப்போது 5 அயர்ன்.

லாஜ்பத் நகர்: கொடி இடது முன்மூலையில, குட்டைக்குப் பக்கத்துல. 90 யார்டு. எங்க பாக்கணும்?

கிரீனின் நடுவை. சற்று வலது பக்கம் விலகினாலும் பரவாயில்லை. பங்கரிலிருந்து மறுபடி கிரீனுக்கு வரலாம், குட்டையில் ஒரு ஸ்ட்ரோக் நிச்சயம் போகும். தூரத்தைக் கொடிவரை எண்ணுங்கள், கிரீனின் கடைசிவரை அல்ல. மேலே நின்றால் சரிவில் இறங்கும் புட், அது நிற்காது.

குட்டையில் விழுந்தே விட்டால், பந்து சிவப்புக் குச்சிகளின் எல்லையைக் கடைசியாகக் கடந்த இடத்திலிருந்து இரண்டு கிளப் நீளம், கொடிக்கு அருகே போகாமல், முழங்கால் உயரத்திலிருந்து டிராப். விழுந்த இடத்தைப் பார்க்காமல் கடந்த இடத்தைப் பார்த்துவைக்க, பையைத் தூக்கி வரும் கேடியிடம் முன்பே சொல்லிவையுங்கள்.