பரணில் கிடக்கும் ஏடுகள்

கேள்வி: பி.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறேன். நொய்டாவிலுள்ள இந்தியப் பாரம்பரிய நிறுவனத்தில் கலைப்பொருள் பாதுகாப்பு எம்.ஏ. படிக்க ஆசை. அப்பாவோ வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார். கொள்ளுத்தாத்தாவின் வைத்திய ஓலைச்சுவடிகள்தான் இந்த ஆர்வத்துக்குக் காரணம். போன பொங்கலுக்கு அவற்றில் தேங்காய் எண்ணெய் தடவி, பாலிதீன் பையில் கட்டிப் பரணில் வைத்தேன். வீட்டில் அப்பத்தாவுக்கு மட்டுமே அவற்றை வாசிக்கத் தெரியும். அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
- சிவகங்கை வாசகர்

பதில்: தம்பி, அப்பா இருக்கட்டும். முதலில் அந்தப் பையை இறக்குங்கள், இன்றைக்கே.

வேதியியல் படித்தவர் செய்கிற காரியமா இது? தேங்காய் எண்ணெய் ஏட்டில் காயாது. பிசுபிசுவென்று நின்று தூசியைப் பிடிக்கும். நாள்பட்டால் காறிப்போகும், பூச்சியை அழைக்கும். பகலில் பரண் சூட்டில் ஓலையிலிருந்து வெளியேறும் ஈரம், இரவில் பாலிதீனுக்குள்ளேயே வேர்த்துப் படியும். பூஞ்சைக்கு அது போதும்.

சுவடிக் கட்டை உள்ளறை மேசையில், நிழலில் பிரியுங்கள். ஒட்டிக்கொண்ட ஏடுகளைப் பிரித்து இழுக்கவே கூடாது, மேல்தோல் எழுத்தோடு உரிந்து வரும். மற்றவற்றை மென்மையான தூரிகையால் நீளவாக்கில் மட்டும் துடையுங்கள். தண்ணீர் ஆகாது. பூச்சி அரித்த துளையோரம் மாவு போன்ற பொடி உதிர்ந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கலாம். அந்தக் கட்டைத் தனியே வையுங்கள். சுவடிக்கு ஏற்றது எலுமிச்சைப்புல் தைலம். அதையும் உங்கள் எண்ணெய்ப் பிசுக்கின் மேல் பூசாதீர்கள். பிசுக்கை எடுப்பது பயிற்சி பெற்ற கைகளின் வேலை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஓலைச்சுவடித் துறையில் காட்டிக் கேளுங்கள். அதுவரை ஏட்டைவிடச் சற்றுப் பெரிய இரண்டு மரப்பலகைகளுக்கு நடுவே வைத்து, பருத்தித் துணியில் சுற்றுங்கள். கயிற்றை இறுக்கினால் கயிறு கோத்த துளையோரம் பிளக்கும். தளர்ந்தால் ஏடு வளையும்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். இத்துறையில் நிரந்தர வேலை குறைவு. தொல்லியல் துறையின் அறிவியல் பிரிவு, அரசு அருங்காட்சியகங்கள் எல்லாம் அறிவிப்பு வந்தால்தான். பெரும்பாலும் திட்டம் முடிந்தால் முடிகிற ஒப்பந்த வேலை. படிக்க வைக்கும் தகப்பன் 'சம்பளம் எப்போது வரும்?' என்று கேட்பது நியாயம். அவரைத் தடைக்கல்லாக எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வருடச் செலவையும், வேலை கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதையும் எழுதி அவர் கையில் கொடுங்கள்.

எனக்கு ஆறாத கோபம் அப்பத்தா விஷயத்தில்தான். வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் வீட்டிலிருக்க, அவரிடம் ஒரு ஏட்டையாவது கேட்டு எழுதினீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. அவர் போன பிறகு எம்.ஏ. பட்டம் அந்த மருந்துப் பெயர்களை உங்களுக்கு வாசித்துக் காட்டாது. தினமும் அரைமணி நேரம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். இடது ஓரத்திலுள்ள தமிழ் எண்ணைக் குறித்து, அவர் வாசிப்பதை அந்த எண்ணைச் சொல்லியே பதிவு செய்யுங்கள். இரு பக்கத்தையும் சாய்வெளிச்சத்தில் படமெடுங்கள், கீறல் எழுத்து அப்போதுதான் தெரியும். விளக்கைப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். அப்பாவைக் கூப்பிடுங்கள்.