லொகின் ஆகுதில்ல, கனெக்ட் ஆகுதில்ல: கேள்வி பதில்

திருகோணமலை டவுனில போன் திருத்துற ஆள் நான். உடைஞ்ச டிஸ்பிளேயோட வாற ஆக்களை விட, "பேஸ்புக் திறக்குதில்ல, வட்ஸ்அப் சுத்திக்கொண்டே நிக்குது" எண்டு வாற ஆக்கள்தான் இப்ப கூட. கேள்விகளை அனுப்பச் சொன்னதில வந்து சேர்ந்தவற்றில சிலதுக்கு இங்க பதில். வாசிச்சு முடிக்கிற மட்டும் அப்பை அழிக்கவும் வேணாம், பாஸ்வேர்டை மாத்தவும் வேணாம்.

உவர்மலையிலிருந்து ஒரு ரீச்சர்: இரவு பேஸ்புக் தானாகவே என்னை வெளியில தள்ளிட்டுது. சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும் பிழை எண்டு சொல்லுது. ஆரும் ஹக் பண்ணிட்டாங்களா?

முதல்ல வீட்டில மற்றவையின்ட போனைப் பாருங்க ரீச்சர். 2024 மார்ச் 5, எங்கட நேரப்படி இரவு எட்டரை மணிபோல, உலகம் முழுக்க பேஸ்புக்கும் இன்ஸ்டகிராமும் ஆக்களை இப்பிடித்தான் வெளியில தள்ளினது. சரியான பாஸ்வேர்டையும் பிழை எண்டே சொன்னது. பிழை, இரண்டையும் நடத்துற மெட்டா கொம்பனியின்ட பக்கம். கொஞ்ச நேரத்தில அவங்களே சரியாக்கிட்டாங்க. அந்த மாதிரி நேரத்தில பாஸ்வேர்டை மாத்த வெளிக்கிட்டா, புதுசும் பதியாது, பழசும் குழம்பிப் போகும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில நிண்டா செய்ய வேண்டியது ஒண்டும் இல்ல, தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க.

உங்களுக்கு மட்டும்தான் எண்டா ஈமெயிலைப் பாருங்க. பாஸ்வேர்டோ ஈமெயில் முகவரியோ மாறியிருந்தா பேஸ்புக் கடிதம் அனுப்பியிருக்கும். அனுப்பினவரின்ட முகவரி "பேஸ்புக்மெயில் டொட் கொம்" எண்டு முடியும். அதுக்குள்ளேயே "இது நான் இல்லை" எண்டு சொல்ல ஒரு இணைப்பு இருக்கும். இல்லாட்டி பேஸ்புக் டொட் கொம் போட்டு, சாய்கோடு, "ஹக்ட்" எண்டு ஆங்கிலத்தில (facebook.com/hacked) அடிச்சுப் போங்க. கணக்கை மீட்கிற வேலையை வழமையா பாவிக்கிற அதே போனில, அதே வைபையில செய்யுங்க. தெரியாத போனிலிருந்து கேட்டா உங்களையே கள்ளன் எண்டு அது சந்தேகப்படும்.

கிண்ணியாவிலிருந்து: தம்பி, புதுப் போன் எடுத்த. வட்ஸ்அப்புக்கு கோட் வருதில்ல. எத்தனையோ தரம் அமத்திப் பார்த்துட்டன்.

அமத்துறதை நிப்பாட்டுங்க நானா. ஒவ்வொரு தரம் கேக்கேக்கையும் அடுத்த கோட்டுக்குக் காத்திருக்கிற நேரம் கூடிக்கொண்டே போகும். மூண்டு கோட் ஒண்டாய் வந்தாலும் கடைசியா வந்ததுதான் செல்லும். நாட்டுக் குறியீடு 94, அதுக்குப் பிறகு 0 வராது, 7இலிருந்து தொடங்க வேணும். அந்த சிம்முக்கு வேற போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போட்டுப் பாருங்க. அதுவே வராட்டி வட்ஸ்அப்பில குறை இல்ல, சிம்மிலதான். சிம் பழைய போனில கிடந்தாலும் பரவாயில்ல, அங்க வாற கோட்டைப் பார்த்து இங்க அடிக்கலாம்.

மூதூரிலிருந்து: பழைய போன் ஒண்டு சார்ஜ் இல்லாம மாசக்கணக்கில கிடந்தது. இப்ப வைபை பிடிக்குது, ஆனா ஒரு அப்பும் கனெக்ட் ஆகுதில்ல.

போனில திகதி என்ன காட்டுது எண்டு பாருங்க. பற்றரி முழுசா இறங்கிக் கிடந்தா சில போன்கள் பழைய வருசத்துக்குப் போயிடும். அப் ஒவ்வொண்டும் தன்ட சேவரோட, அதாவது கொம்பனியின்ட கம்பியூட்டரோட, பேச முதல் அதின்ட பாதுகாப்புச் சான்றிதழைப் பார்க்கும். அந்தச் சான்றிதழில தொடங்குற திகதியும் முடியிற திகதியும் இருக்கும், பஸ் சீசன் டிக்கட்டில இருக்கிற மாதிரி. உங்கட போன் இது 2017 எண்டு நினைச்சுக்கொண்டிருந்தா, இன்னும் தொடங்காத டிக்கட் எண்டு சொல்லித் திருப்பி அனுப்பிடும். வட்ஸ்அப் எண்டா திகதி பிழை எண்டு நேரடியாவே சொல்லும். மற்றதுகள் "இணைப்பு இல்லை" எண்டு மொட்டையாச் சொல்லும். செட்டிங்ஸில திகதி, நேரத்தை ஒட்டோமெட்டிக் ஆக்குங்க. நேர வலயம் ஐந்தரை எண்டு வர வேணும். கையால மணியை மட்டும் திருப்பி வலயத்தை விட்டா திரும்பவும் இதே கரைச்சல்தான்.

பாலையூற்று மாணவர் ஒருவர்: டேட்டா இருக்கு, யூடியூப் ஓடுது. இன்ஸ்டகிராம் மட்டும் "சந்தேகத்துக்குரிய லொகின்" எண்டு திரும்பத் திரும்ப மறிக்குது.

விபிஎன், அதாவது உங்கட இணையத்தை வேற நாட்டுச் சேவர் வழியாக் கொண்டு போற அப், போனில கிடக்கா தம்பி? 2018 மார்ச்சில, 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, 2022 ஏப்ரல் 3ஆம் திகதி எண்டு நாட்டில சமூக ஊடகங்களை மறிச்ச ஒவ்வொரு தரமும் ஊர் முழுக்க இலவச விபிஎன் இறக்கினது. மறிப்பு எடுபட்டும் கனபேர் அதை நிப்பாட்டேல்ல. விபிஎன் ஓடேக்க காலமை நீங்க சிங்கப்பூரில, பின்னேரம் நெதர்லாந்தில எண்டு இன்ஸ்டகிராமுக்குத் தெரியும். அது மறிக்கிறதில பிழை இல்ல. நிப்பாட்டினா மட்டும் காணாது, அழியுங்க. இலவசமா விபிஎன் தாறவனுக்குச் செலவு எங்கயிருந்து வருது எண்டும் ஒருக்கா யோசியுங்க.

இன்ஸ்டகிராம் மட்டுமில்ல, முழு இணையமும் நிக்கிற ஆக்களுக்கு இன்னொண்டு: அன்ட்ரொய்ட் 9இலயிருந்து "பிரைவேட் டிஎன்எஸ்" எண்டு ஒரு செட்டிங் இருக்கு. தளத்தின்ட பெயரைக் குடுத்தா அது எங்க இருக்கெண்டு தேடித் தாற சேவரை அங்கதான் தெரிவு செய்யிறது. விளம்பரம் மறிக்க எண்டு அங்க ஏதோ ஒரு பெயர் போட்டு வைச்சிருந்தா, அந்தச் சேவர் நிண்டுபோற நாளில உங்கட இணையமும் நிக்கும். அதை ஒட்டோமெட்டிக்கில விடுங்க.

நிலாவெளி: ஹோட்டல் வைபை பிடிக்குது, ஒண்டும் ஓடுதில்ல. குரோமைத் திறந்து ஏதாவது பக்கத்துக்குப் போங்க. அறை நம்பரோ பாஸ்வேர்டோ கேக்கிற பக்கம் வரும். அப்புக்குள்ள அது வராது.

உப்புவெளி: வட்ஸ்அப் போகுது, அதில வாற லிங்க் ஒண்டும் திறக்குதில்ல. நீங்க போட்டது சமூக ஊடகப் பெக்கேஜ் மட்டும். லிங்க் வெளியில போறதால அதுக்குச் சாதாரண டேட்டா வேணும். போன் நல்லாத்தான் இருக்கு.

சம்பூரிலிருந்து ஒரு அம்மா: சொந்தக்காரப் பிள்ளை ஒண்டு "தவறுதலா உங்களுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அனுப்புங்க" எண்டு கேட்டது. அனுப்பினன். அதோட என்ட வட்ஸ்அப் போயிட்டுது. இப்ப என்ட பேரில எல்லாரிட்டயும் காசு கேக்கிறாங்களாம்.

அம்மா, கேட்டது அந்தப் பிள்ளை இல்ல. அதின்ட கணக்கை முதலே பிடிச்சவன்தான் கேட்டிருக்கிறான். நீங்க அனுப்பின ஆறு இலக்கம்தான் உங்கட வட்ஸ்அப்பின்ட திறப்பு.

சிம் உங்கட கையில இருக்கிற மட்டும் கணக்கு உங்களுக்குத்தான். வட்ஸ்அப்பைத் திறந்து உங்கட நம்பரைத் திரும்பப் பதியுங்க. எஸ்எம்எஸ்ஸில வாற ஆறு இலக்கத்தை அடிச்ச உடனே அவன் வெளியில போயிடுவான். அதுக்குப் பிறகு இன்னொரு பின் நம்பர் கேட்டா, அது அவன் வைச்ச பூட்டு. தெரியாட்டி ஏழு நாள் பொறுக்க வேணும், பிறகு பின் இல்லாமலே உள்ள போகலாம். அந்த ஏழு நாளும் அவனாலயும் உங்கட கணக்கைப் பாவிக்க ஏலாது. பயந்து சிம்மை மாத்திடாதீங்க. மாத்தினா திறப்பையும் எறிஞ்ச மாதிரி.

கோட் வராம அழைப்பு மட்டும் எங்கயோ போகுது எண்டா, ஆரோ சொல்லி நீங்க நட்சத்திரம் போட்ட நம்பர் ஒண்டை அடிச்சிருப்பீங்க. உங்கட அழைப்புகளைத் தங்கட பக்கம் திருப்ப அதைச் செய்விப்பாங்க. ##002# எண்டு அடிச்சு அழையுங்க, எல்லாத் திருப்பலும் இல்லாமப் போகும்.

இதெல்லாம் செய்ய முதல் பிள்ளைகளைக் கொண்டு சொந்தக்காரருக்கு அழைப்பு எடுத்துச் சொல்லுங்க, ஒருத்தரும் காசு போட வேணாம் எண்டு. கணக்கு நாளைக்கு வந்தாலும் வரும், போன காசு வராது. உள்ள போன பிறகு "லிங்க்ட் டிவைசஸ்" பகுதியில தெரியாத கம்பியூட்டர் இருந்தா வெட்டி விட்டு, டூ-ஸ்டெப் வெரிபிகேஷன் பின் ஒண்டை நீங்களே வையுங்க. ஈமெயிலும் குடுங்க, பின் மறந்தா ஏழு நாள் காத்திருக்காம உள்ள போக அதுதான் வழி.

தம்பலகாமம்: மகன் துபாயில. வட்ஸ்அப் மெசேஜ் வருது, கோல் எடுத்தா "கனெக்டிங்" எண்டே நிக்குது. இரண்டு போனிலயும் பிழை இல்ல ஐயா. வட்ஸ்அப் அழைப்பை அந்த நாட்டிலேயே மறிச்சு வைச்சிருக்கிறாங்க. அங்க அனுமதி உள்ள பொடிம் (Botim) மாதிரி அழைப்பு அப் ஒண்டை இரண்டு பேரும் போட்டுக் கதையுங்க.

லிங்கநகர்: பேஸ்புக் பாஸ்வேர்ட் மறந்திட்டன். கோட் போறது நான் எப்பவோ விட்ட பழைய நம்பருக்கு. ஈமெயிலும் நினைவில்ல.

இது இருக்கிறதிலேயே கஸ்டமான கேஸ். நீண்ட காலம் ரீலோட் போடாத நம்பரைக் கொம்பனி வேற ஆளுக்குக் குடுத்திடும். அப்ப உங்கட கோட் அந்த ஆளின்ட போனுக்குப் போகும். அவரைக் கண்டுபிடிச்சுக் கேக்கலாம் எண்டு நினைக்காதீங்க, முன்பின் தெரியாத ஆளிட்ட வீட்டுத் திறப்பைக் கேக்கிற வேலை அது.

வீட்டில பழைய போன், கம்பியூட்டர் எதிலயாவது அந்தக் கணக்கு இன்னும் திறந்தபடி கிடக்கா எண்டு முதல்ல தேடுங்க. கிடந்தா வெளியில வராம அங்கேயே புது நம்பரையும் ஈமெயிலையும் சேர்க்கப் பாருங்க. குரோமில சேமிச்ச பாஸ்வேர்ட் பட்டியலையும் பாருங்க, கனபேருக்கு அங்க கிடைச்சிருக்கு. "காசு தாங்க, மீட்டுத் தாறம்" எண்டு கொமென்ட்டில நிக்கிற ஆக்களிட்ட மட்டும் போகாதீங்க. அவங்களிட்ட பேஸ்புக்கின்ட திறப்பு இல்ல. உதவி வேணுமெண்டா, இணையப் பாதுகாப்பைப் பார்க்கிற அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டுக்கு (CERT) 101 எண்ட இலக்கத்தில எடுக்கலாம்.

ஈச்சிலம்பற்று: அன்ட்ரொய்ட் 4.4 போன். வட்ஸ்அப் இனி வேலை செய்யாதெண்டு வருது. ஏதாவது வழி? இல்ல. 2025 தொடக்கத்தோட அன்ட்ரொய்ட் 4.4 போன்களை வட்ஸ்அப் கைவிட்டிட்டுது. "பழைய வேர்ஷன்" எண்டு இணையத்தில கிடக்கிற கோப்பை இறக்கிப் போடாதீங்க. அதைத் திருத்த எண்டு கடைக்குக் கொண்டந்தாலும் நான் காசு வாங்க மாட்டன், ஏனெண்டா திருத்த அங்க ஒண்டும் இல்ல.