குடில் வைத்தும் மனசு ஆறவில்லையே?

கேள்வி: வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு இயேசு பிறப்புக் குடில் ஜோடிக்கிறோம். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் அண்ணனோடு பேச்சு நின்றுவிட்டது. குடில் முன் முழந்தாளிட்டாலும் நிம்மதி இல்லை. என்ன செய்ய?
– வாசகி, பாபநாசம்

பதில்: வானதூதர் அமைதியை அறிவித்தது ராத்திரி கிடை காத்த இடையர்களுக்கு (லூக்கா 2:8-14). அதற்காக அவர்கள் எதுவும் செய்திருக்கவில்லை. கடவுளோடு சமாதானம் அவராகத் தருவது. குடிலின் ஜோடனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் மத்தேயு 5:23-24 உங்களை விடாது. சகோதரனுக்கு உங்கள்மேல் மனத்தாங்கல் இருந்தாலே போதும், காணிக்கையை வைத்துவிட்டு முதலில் அவரிடம் போகச் சொல்கிறது.

24-ம் தேதி இரவு வரை குடிலின் முன்னணையில் (தீவனத் தொட்டியில்) குழந்தை இயேசுவை வைக்காதீர்கள். அதற்குள் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுங்கள். "நான் பேசினது தப்புண்ணே" என்பதோடு நிறுத்துங்கள். மடைக் கணக்கை எடுத்தால் பழைய சண்டைதான் திரும்பும். அதை மேட்டூர் அணையில் பாசனத் தண்ணீரை மூடியபிறகு பேசிக்கொள்ளலாம். அவர் முகம் கொடுக்காவிட்டாலும் உங்கள் பங்கு முடிந்தது. பாவசங்கீர்த்தனத்தையும் (குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிடுவதையும்) கடைசி நாள் கூட்டத்துக்குத் தள்ளாதீர்கள். அங்கே உங்கள் குற்றத்தைச் சொல்லுங்கள், அண்ணனுடையதை அல்ல! பலர் சறுக்குவது இங்கேதான்.

கேள்வி: குடில் வைக்கோல் பூஞ்சை பிடிக்கிறதே?
– வாசகர், திருவாரூர்

பதில்: மழை ஈரம்தான். குறுவை வைக்கோலை நல்ல வெயிலில் மொறமொறவென்று காயவைத்து, அடியில் பாலித்தீன் விரித்துப் பரப்புங்கள். சுடாத மண் பொம்மை ஈரத்தில் கரையும். வைக்கோல் பக்கத்தில் மெழுகுவர்த்தி கூடவே கூடாது.