புதிதாகப் பல்செட் வைத்தவர்களுக்குச் சாப்பிடப் பழக எவ்வளவு நாள் ஆகும்?

உங்கள் அம்மா பல்செட்டைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள். பேச்சு சில வாரங்களில் சரியாகிவிடும், மெல்லுவதற்கு மாதக்கணக்கில்கூட ஆகலாம். ஆனால் கழற்றி வைத்துச் சாப்பிட்டால் என்றைக்கும் பழகாது.

நான் ராயபுரத்துக்காரன். மேலும் கீழும் முழு செட். மேல்செட் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், கீழ்செட்தான் படுத்தும். நாக்கு புரண்டால் கிளம்பும், ஒரு பக்கமாக மென்றால் மறுபக்கம் தூக்கும். கவளத்தைச் சின்னதாக எடுத்து இரண்டு பக்கமும் பிரித்து மெல்ல வேண்டும். முன்பல்லால் கடிக்கவே கூடாது. இட்லி, குழைந்த சாதம், அப்புறம் தோசை. சப்பாத்தி எனக்குக் கடைசியாகத்தான் வந்தது.

மீன் விஷயத்தை யாரும் சொல்லவில்லை. அண்ணத்தை செட் மூடியிருப்பதால் முள் வாயில் தட்டுப்படாது. வஞ்சிரம் பரவாயில்லை. சங்கராவைத் தட்டிலேயே விரலால் உதிர்த்து, முள் பார்த்துத்தான் வாயில் வைக்கிறேன். டீயும் அப்படித்தான், அண்ணத்தில் சூடு தெரியாமல் தொண்டைக்குப் போய்ச் சுடும்.

ஈறில் புண் இருக்கிறதா பாருங்கள். எனக்குக் கீழே இடதுபக்கம் சோறு பட்டாலே உயிர் போனது. செட் செய்து கொடுத்த இடத்தில் "பழகிடும் சார்" என்று அனுப்பிவிட்டார்கள். புண் எப்படிப் பழகும்? மறுபடி போய் உட்கார்ந்தேன். வெள்ளைப் பசை தடவி, செட்டை வாயில் வைத்து அழுத்தி எடுத்தார்கள். அழுத்துகிற இடத்தில் மட்டும் பசை விலகி செட்டின் ரோஸ் நிறம் தெரிந்தது. அந்த இடத்தைச் சின்ன மெஷினால் தேய்த்தார்கள், அவ்வளவுதான். அன்று ராத்திரி ரசம் சாதத்தை வலியில்லாமல் சாப்பிட்டேன். அம்மாவைக் கூட்டிப்போகும் நாளில் காலையிலிருந்தே செட்டைப் போட்டிருக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் சிவந்த இடம் டாக்டருக்குத் தெரியும். வீட்டில் அரத்தால் ராவ வேண்டாம். செலவு பிரச்சினை என்றால் சென்னையில் கோட்டை ரயில் நிலையம் பக்கத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இம்ப்ளாண்ட், அதாவது தாடை எலும்பில் பதிக்கிற பல், போட்டிருக்கலாமே என்று சிலர் வருவார்கள். எல்லோர் கையிலும் அவ்வளவு பணம் இல்லை, தாடை எலும்பும் இடம் கொடுக்க வேண்டும். நான் டாக்டர் இல்லை, என் வாய்க்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் ஆறவில்லை. கல்யாண மண்டபங்களில் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் வந்து நின்றுவிடுகிறார்கள். நான் சாம்பார் சாதம் முடிப்பதற்குள் இலைக்கு மோர் வந்துவிடுகிறது. போன மாதம் வேளச்சேரியில் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தேன். மொய் எழுத மட்டும் தனி மேஜை போடுகிறார்கள். வயதானவர்கள் நிதானமாகச் சாப்பிட ஓரமாக ஒரு மேஜை போட்டால் என்ன?